ஜன்னலை மறைக்க நட்ட செடிகள்

தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கவாத்து வெட்டியவன் வீட்டில் பூந்தோட்டம் போடக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். போன வருஷம் அவள் ஈரலில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றார் டாக்டர். நிம்மதி எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொல்லாததால், நானே தயாரிக்கக் கிளம்பினேன்.

அவள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே ஜன்னல். வெளியே பத்தடி மண். அதற்கப்புறம் மலை முழுக்கத் தேயிலை.

"ஏங்க, இதுங்கூட மாரடிச்சே இடுப்பு போச்சு. கடைசியிலயாச்சும் வேற எதையாவது பாக்கணும்."

"என் மூஞ்சியப் பாரு."

"அதுக்குத் தேயிலையே தேவல."

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் திட்டம் வரைந்தேன். கல் பாதை, பெஞ்சு, மலையை மறைக்க ஜன்னலோரம் ஹைட்ரேஞ்சியா. இங்கே சாலையோரமெல்லாம் பந்து பந்தாக நீலத்தில் பூக்குமே, அதுதான். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதென்ன, எனக்குப் பெட்டியா?"

"பெஞ்சு."

சிரித்தாள். நான் பெஞ்சை அழித்துவிட்டேன்.

பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் பூ பயிரிடும் நண்பன் இடுப்பளவு செடிகளை லோரியில் அனுப்பினான். பழக்கதோஷத்தில் முடிச்சுக் கயிறு பிடித்து, தேயிலைக்கு விடும் இடைவெளியிலேயே நட்டேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "நிரை புடிச்சாச்சு. பேர் போட கிராணி எப்ப வருவாரு?" எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுபவர்தான் கிராணி.

ஆனாலும் வளர்ந்தன. ஏழெட்டு மாதத்தில் என் தோளைத் தொட்டு, பாதி மலையை மறைத்தன. நுனிகளில் மொட்டு தடித்தது. அவள் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் எண்ணுவாள்.

அப்புறம் காய்ச்சல் வந்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி மாசக் கணக்குதான் என்றார். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. சட்டைப் பையில் போன் எப்போது அடிக்குமோ என்று பயம். ஆணியில் கவாத்துக் கத்தி தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது, அதை மட்டும் தட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

கை தன் வேலையைப் பார்த்தது. நான் அங்கே இல்லை. நிமிர்ந்தபோது ஒரு செடி விடாமல் முழங்கால் உயரத்தில், மேசை போல மட்டமாக நின்றன. வேலையில் இருந்த நாளில்கூட அவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை. அன்று எஸ்டேட் துரை பார்த்திருந்தால் முதல்முறையாகப் பாராட்டியிருப்பார்.

நண்பனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அது பழைய கொம்புலதான் பூக்கும். மொட்டையெல்லாம் வெட்டிட்டீங்களே. இனிமே அடுத்த வருசம்தான் லா."

அடுத்த வருஷம். டாக்டர் வாயில் வராத வார்த்தை.

மறுநாள் அவளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. கீழே நான் வெட்டியவையும் அதோடு சேர்ந்து, எங்கே எங்கள் தோட்டம் முடிகிறது, எங்கே எஸ்டேட் தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தன.

"கவாத்து நல்லா இருக்கு" என்றாள்.

வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தப் போனேன்.

"நாற்காலிய அடுப்படிப் பக்கமா திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன். இப்போது அவள் பார்ப்பது கரி படிந்த சுவரை. செடிகள் துளிர்த்துவிட்டன. தினமும் காலையில் குனிந்து ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்க்கிறேன். எல்லாம் இலைதான்.