எகர் நகரில் ஓர் அப்பாவைத் தேடினார்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒரு ஜூன் மாதம். கனடாப் பாஸ்போட் கைக்கு வந்த புதிது. ஜேர்மனியில் இருக்கும் மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு என்று ரொறன்ரோவிலிருந்து போயிருந்தோம். சடங்கு முடிந்ததும் எல்லோரும் பாரிசைப் பார்க்கச் சொன்னார்கள். என் கணவரோ ஹங்கேரிக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காரணம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மிசிசாகாவில் இவர் வேலை செய்த தொழிற்சாலை. இவருக்குப் பக்கத்து மெசினில் நின்றவர் ஒரு ஹங்கேரிக்காரர். இளவயதில் நாட்டை விட்டு ஓடிவந்தவர். ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாராம், எங்கள் ஆட்களைப் போலத்தான். அவருடைய ஊர் எகர். துருக்கியர் கட்டிவிட்டுப் போன ஒரு பள்ளிவாசல் கோபுரம் அங்கே இருக்கிறது, அதன் உச்சியில் நின்று தன்னுடைய தெருவை ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். இவரும் ஓம் என்றுவிட்டார். இவருக்கு அந்த ஓம் மட்டும் சுலபமாக வரும். பிறகு ரயிலுக்கு ரயில் பெட்டி தூக்குவது நான்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, ஊர் அழகான ஊர். கல் பாவிய தெருக்கள், மஞ்சள் பூசிய பெரிய தேவாலயம், நடுவில் ஒரு சின்ன ஆறு. காலையில் கோட்டையைப் பார்த்தோம். துருக்கியப் படை வந்தபோது அந்த ஊர்ப் பெண்களும் மதிலில் ஏறி நின்று சண்டை பிடித்தார்களாம். இவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்துச் சொல்லச் சொல்ல எனக்கு ஊர் இன்னும் பிடித்துப்போனது. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குக் கோட்டையும் பிடிக்கவில்லை, பீரங்கியும் பிடிக்கவில்லை. ஐஸ்கிறீம் பிடித்தது.

மத்தியானத்துக்கு முன்னர் அந்தக் கோபுரத்தடிக்கு வந்தோம். பள்ளிவாசல் எப்போதோ இல்லாமல் போய்விட்டது. கோபுரம் மட்டும் ஒரு சின்னச் சதுக்கத்தில் தனியாக நிற்கிறது. உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் கல்படி, ஓர் ஆள் போகத்தான் இடம். வாசலைப் பார்த்ததுமே என் உடம்பு எனக்கு வேண்டாம் என்றது. இவர் கமராவோடு ஏற, நானும் மகளும் எதிரே ஒரு நீள மரவாங்கில் அமர்ந்து இருந்தோம்.

“அப்பா எங்கை?” என்று கேட்டாள்.

“மேலை போயிட்டார், இப்ப வந்திடுவார்” என்றேன். மச்சாள் தந்துவிட்ட மிக்சர் பையைத் தேடிப் பெட்டிக்குள் கைவிட்டேன். பை அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் பிள்ளை இல்லை.

வாங்குக்குப் பின்னால் பார்த்தேன். கோபுரத்தைச் சுற்றி ஓடினேன். சதுக்கத்திலிருந்து மூன்று தெருக்கள் பிரிந்து போயின. எதிலும் அவளுடைய மஞ்சள் சட்டை தெரியவில்லை. எந்தத் தெருவில் ஓடுவது? ஒன்றில் ஓடினால் மற்றதால் வந்துவிட்டாளென்றால்?

அந்த நேரம் பார்த்து இவர் உச்சி மாடத்தில் தெரிந்தார். எனக்குக் கையசைத்தார்.

நான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் புருசன் பெண்சாதியையும், பெண்சாதி புருசனையும் ‘அப்பா’ போட்டுத்தான் கதைப்பார்கள். என்னப்பா, வாங்கோப்பா, சும்மா இருங்கோப்பா. சண்டை பிடித்தாலும் அதே அப்பாதான். அன்றைக்கும் வாயில் அதுதான் வந்தது. “அப்பா! இஞ்சாருங்கோப்பா! பிள்ளையைக் காணேல்லையப்பா! இறங்கி வாங்கோப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மேலே காற்று. மனிதருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் படம் எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக் கமராவைத் தூக்கி என்னை ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இன்றைக்கும் அல்பத்தில் இருக்கிறது, வாயைப் பிளந்தபடி நான். நான் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் ஏதோ பிழை என்று விளங்கி உள்ளே ஓடினார். ஆனால் அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் படியேறத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் மேலே வந்து சேரும்வரை இவர் இறங்க வழியில்லை.

கோபுர வாசலில், மேலே ஏறுவதற்கு நுழைவு ரிக்கற் விற்கும் கூண்டு ஒன்று. அதற்குள் இருந்த பெண்மணி கதவைப் பூட்டிவிட்டு என்னிடம் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். எனக்கு அந்த நேரம் இங்கிலீஷும் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்கு விளங்கியிராது. அழுதுகொண்டு, “அப்பா, அப்பா” என்று மேலே காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்து, “அப? அப?” என்று கேட்டார்.

அவர்களுடைய பாஷையில் ‘அப’ என்றால் தகப்பன். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு சொல்லாவது விளங்கிவிட்டதே என்று, “ஓம், ஓம், அப்பா” என்று தலையாட்டினேன்.

உடனே அவர் நாடியில் கைவைத்துத் தாடி போலத் தடவினார். பிறகு முதுகைக் கூனி, பொல்லு ஊன்றி நடப்பது போல இரண்டு அடி வைத்துக் காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. தாடி வைத்த கிழவன் ஒருவன் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதை இந்தப் பெண்மணி கண்டிருக்கிறார்! “எங்கை? எந்தப் பக்கம்?” என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். பிள்ளை இவ்வளவு உயரம் என்று இடுப்பளவில் கையைக் காட்டினேன். அவர் அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

எதிரே ஒரு தவறணை. வாசலில் இருந்து குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர் ஏதோ சத்தமாகச் சொன்னார். மூன்று பேர் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழும்பி ஆளுக்கொரு தெருவில் ஓடினார்கள். பூ விற்ற ஒருவரும் வாளிகளை விட்டுவிட்டு அவர்களோடு போனார். நானும் ஓடப் பார்த்தேன். அந்தப் பெண்மணி விடவில்லை. என்னை வாங்கில் இருத்தி, பக்கத்தில் இருந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊரில் இருக்கிற எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதலில் திரும்பியவர் பூக்காரர். அவருக்குப் பக்கத்தில் மாப்பூசிய ஏப்ரன் கட்டிய ஒரு பெண். அந்தப் பெண்ணின் இடுப்பில் என் மகள்! கசகசா வைத்துச் சுருட்டிய ஏதோ பணியாரத்தைக் கையில் வைத்திருந்தாள். வாயைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகக் கசகசா. நான் பறித்து எடுத்து அணைத்தபடி கத்தி அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “ஏனம்மா அழுறீங்கள்? அப்பா மற்றக் கதவாலை வருவார் எண்டு பாக்கப் போனனான்” என்றாள். பாவம், ரொறன்ரோவில் கடைகள் நிறைந்த மோலில் ஒரு கதவால் போய் மற்றக் கதவால் வந்து பழகிய பிள்ளை. கோபுரத்துக்கும் இரண்டு கதவு இருக்கும் என்று தேடிப்போய்த் திசை மாறிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு அப்பா வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார். மகள் “அப்பா!” என்று பாய்ந்தாள். நானும் “எங்கையப்பா நிண்டனீங்கள்?” என்று அவர் மேல் பாய்ந்தேன். ரிக்கற் பெண்மணி எங்களை மாறி மாறிப் பார்த்தார். மகளைக் காட்டி, இவரைக் காட்டி, “அப?” என்றார். ஓம் என்றேன். என்னைக் காட்டி, இவரைக் காட்டி, “அப?” என்றார். அதற்கும் ஓம் என்றேன். அந்த மனுசி வாயில் கைவைத்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மேலே போய் இறங்கி வந்த ஆசிரியைக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அவர் வந்து கேட்டுச் சொன்ன பிறகுதான் எல்லாம் வெளித்தது. தூர தேசத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் வயது போன தகப்பனைத் தொலைத்துவிட்டு அழுகிறாள் என்றுதான் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். தாடி இருக்கிறதா, பொல்லு ஊன்றுவாரா என்பதெல்லாம் என்னிடம் கேட்ட கேள்விகள். இடுப்பளவில் நான் கைகாட்டியதால், ஆள் மிகவும் கட்டை என்றும் ரிக்கற் பெண்மணி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டைக் கிழவரைத் தேடிப் போன பூக்காரர்தான் பணியாரக் கடையில் ஒரு மாநிறப் பிள்ளை “அப்பா, அப்பா” என்று விம்முவதைக் கேட்டிருக்கிறார். ஒரே அப்பாவை இரண்டு பேர் தேடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. உடனே கூட்டி வந்துவிட்டார்.

சொல்லி முடித்ததும் சதுக்கமே சிரித்தது. தவறணைக்காரர் இவருடைய முதுகில் தட்டி, குடிக்க ஒரு கிளாஸ் கொடுத்தார். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. நன்றி என்று சொல்ல அவர்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியவில்லை. ரிக்கற் பெண்மணியைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் மகளின் வாயைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு, கூண்டைத் திறந்து மறுபடியும் வேலையைப் பார்க்கப் போனார்.

இப்போது ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள், எனக்குத் தெரியாத பாஷையில், கண் கலங்கி நின்று ஏதோ கேட்பார்கள். அந்தப் பெண்மணிக்கு அன்று நான் சொன்னதில் விளங்கியது ஒரே ஒரு சொல், அதுவும் பிழையாக. ஆனால் அவர் கூண்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்ததால்தான் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தாள். அதனால் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கும்வரை நான் இருந்துகொண்டு பார்ப்பதில்லை, முதலில் கதிரையை விட்டு எழும்பிவிடுகிறேன்.