தனகோடி சிரித்த மாதங்கள்

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் கிடங்கில் பட்டைக் குழிகளைப் பார்த்துக்கொண்டவர் தனகோடி. பிறந்தது 1889இல். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறும் தோலைத் தூக்கி, கழுத்தோரம் சிறிது நறுக்கிப் பார்ப்பார். நறுக்கிய இடத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் தோல் இன்னும் பச்சை, பதப்படவில்லை. மறுபடியும் குழிக்குள் போகும். அந்தக் கோட்டை அவரைப்போலப் பொறுமையாகத் தேடியவர் வேறொருவர் இல்லை. அங்கே கணக்கெழுதியவன் என்ற முறையில் இதை நிச்சயமாகச் சொல்வேன்.

சுபாவத்திலேயே கலகலப்பானவர். ஒரு சொல்லுக்குச் சிரிப்பார், ஒரு சொல்லுக்கு வாடிப்போவார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தானாம். அதனாலேயே சுபாவம் எங்கே முடிந்தது, நோய் எங்கே தொடங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் புலப்படவில்லை.

சில வருஷங்களுக்கொருமுறை அவர் பேச்சு அடங்கிவிடும். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். உடனே மேஸ்திரி அஹமது பாஷா லீவு கொடுப்பார். மனைவி தேவகி அவரை ரயிலேற்றிச் சோளிங்கருக்கு அழைத்துப் போவாள். மனம் பேதலித்தவர்களை அங்குள்ள மலைக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். தனகோடியின் சாதியாரைக் கோயிலுக்குள் விடாத காலம் அது. இருவரும் அடிவாரத்திலேயே படுத்திருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டு வருவார்கள். சில மாதங்களில் தனகோடி சிரிக்கத் தொடங்குவார். சாமி கண்ணைத் திறந்துவிட்டதென்று கிடங்கே மகிழும்.

அந்தச் சிரிப்பு சில சமயம் நிற்காது. தூக்கம் போகும், பேச்சு பெருகும், மூன்று பேர் வேலையை ஒருவராக இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்களுக்கு அது வேடிக்கை, கிடங்குக்கு லாபம்.

1927 ஆவணியில் (1926 என்று சிலர் சொல்வது தவறு) தேவகி கிடங்கு வாசலுக்கு வந்தாள்.

"சாயபு, அவருக்கு லீவு குடுங்க. சோளிங்கருக்கு இட்டுனு போணும்."

அஹமது பாஷா திரும்பிப் பார்த்தார். தனகோடி குழிக்குள் நின்று பாடிக்கொண்டே தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பேசறே? சிரிக்கிறவனை யாராச்சும் மலைக்கு இட்டுனு போவாங்களா?"

"தூங்கறதே இல்ல சாயபு. ஊட்ல இருந்த அரிசியெல்லாம் தெருவுக்கு வாரிக் குடுத்துட்டாரு."

"தர்மம் பண்றது சீக்கா?"

தோல் கழுவிக்கொண்டிருந்த காசிநாதன் குரல் கொடுத்தான். "அண்ணி, அவரு உம்முனு இருந்தாலும் அழுவுறே, சிரிச்சாலும் அழுவுறே. அந்த மனுஷன் இன்னாதான் பண்ணுவாரு?"

எல்லோரும் சிரித்தோம். தனகோடியின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

"உம்முனு இருந்தா ஒக்காந்த எடத்துலயே இருப்பாரு. இப்பதான் எனக்குப் பயம்" என்றாள் தேவகி.

"ஆளு கம்மி, வேலை ஜாஸ்தி. பேஜார் பண்ணாதே, போம்மா."

அஹமது பாஷா நல்ல மனிதர். நோயென்றால் முகம் வாடியிருக்க வேண்டும் என்று எங்களைப்போலவே அவரும் நம்பினார்.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு மேஸ்திரி போயிருந்தபோது, தனகோடி ஆட்களை ஏவி எல்லாக் குழிகளையும் காலி செய்தார். குழி விஷயத்தில் அவர் சொல்லை யாரும் மறுத்ததில்லை. ஒரு தோலின் கழுத்தைக்கூட நறுக்கிப் பார்க்காமல் அத்தனையையும் வெயிலில் பரப்பிவிட்டார். திரும்பி வந்த மேஸ்திரி ஒன்றை நறுக்கினார். நடுவில் அகலமாக வெள்ளை.

"அது ஒண்ணுதான் சாயபு, அடுத்ததை அறுங்க" என்று தனகோடி சிரித்தார். அடுத்ததிலும் வெள்ளை. சாயங்காலத்துக்குள் தோல்கள் பலகையாக விறைத்து வீணாகிவிட்டன. குழிப்பக்கம் இனி வரக்கூடாதென்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் அவர் பேச்சு நின்றது. முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பவர், இந்த முறை ஒரு தோல் துண்டைக் கையில் வைத்து அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியே வீடு தேடிப் போனார். "சோளிங்கருக்கு இட்டுனு போம்மா. டேசனுக்கு வண்டி சொல்லிட்டேன்."

"அன்னிக்கிக் கேட்டேன் சாயபு" என்றாள் தேவகி.

அழைத்துப் போனாள். அவர் அடிவாரத்தில் அன்னம் தண்ணீர் மறுத்துக் கிடந்து, 1928 தை மாதம் இறந்தார்.

தனியாகத் திரும்பிய தேவகி, அவர் தோல் நறுக்கும் கத்தியை வாங்கிப் போகக் கிடங்குக்கு வந்தாள். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நின்றோம்.

"எப்பேர்ப்பட்ட சிரிப்பு அண்ணி அவருக்கு!" என்று காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தேவகி கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அதுக்குத்தானே லீவு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.