சூடு தணிக்கக் கல்வராயன் மலைக்குப் போனேன்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த ஒரு டிசம்பரில், என் சூட்டைத் தணிக்கக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். அதற்குச் சில மாதம் முன்புதான் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். "இரத்தக்குழாயில அழற்சி, ஜாக்கிரதை" என்றார் டாக்டர். பத்தாவதோடு நின்ற என் தமிழறிவு வேலை செய்தது. அழல் என்றால் நெருப்பு. அப்போது அழற்சி என்றால் உடம்புச் சூடு! வெந்தயம் தின்றேன், இளநீர் குடித்தேன். பாக்கி அருவிக் குளியல்தான். மலை ஆஸ்பத்திரியில் என் மகள் டாக்டர் என்பதால் தங்குமிடமும் இலவசம்.

எங்கள் ஊர் மணலூர்பேட்டையில் காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைமேல் ஆஸ்பத்திரி இருக்கும் வெள்ளிமலை சுமார் நாற்பது கிலோமீட்டர். அன்று மலைக்குப் பஸ் இல்லை. ஷேர் ஜீப்பில் தலைக்கு நூறு ரூபாய். கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் ஒதுக்கீட்டுக்காரர்களின் மறியல்.

"இன்னிக்கு வண்டி போவாதுங்க பெரியவரே" என்றார் மறித்தவர்.

"மலையில எம்பொண்ணு டாக்டருப்பா. நீங்க இன்னும் அதிகமாக் கேட்டுக்கினு கீறீங்களே, அந்த ஒதுக்கீட்டுலதான் சீட்டு கெடச்சுது."

"டேய், டாக்டரோட அப்பாடா! வழி வுடுங்கடா!"

ஜீப்பே என்னை மந்திரியைப் போலப் பார்த்தது. நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது; நல்லவேளை, ஸ்டென்ட் தாங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது குளிருக்கு ஒரு பீடி பற்றவைத்தேன். பக்கத்தில் நெஞ்சுவலிக்கு மாத்திரை வாங்க வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்காமலே சொன்னேன், நான் டாக்டரோட அப்பா என்று.

அவர் முகம் மலர்ந்தது. "அட! டாக்டரோட அப்பாவே இழுக்கிறாரு. அப்போ பீடி ஒண்ணும் பண்ணாது. அந்தம்மா சும்மா மெரட்டிக்கினு கீது!" என்று மடியிலிருந்து தன் பீடிக்கட்டை எடுத்தார்.

நிமிர்ந்தேன். மகள் கதவருகே நின்றிருந்தாள்.

"ஆறு மாசமா நான் கெஞ்சி இப்பத்தான் பீடிய வுட ஒத்துக்கினாரு. ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியேப்பா."

"அருவியில குளிச்சா சூடு தணிஞ்சுடும்..." என்று இழுத்தேன்.

"அழற்சின்னா அந்த சூடு இல்லப்பா. பீடிப்புகை இரத்தக்குழாய் சொவத்தைப் புண்ணாக்குது. அதுல கொழுப்பு படியுது. ஒடம்பு அதை எதிர்த்து சண்ட போடப் போட, உள்ளுக்குள்ளயே வீங்குது. ஒரு நாள் கட்டி ஒடையிற மாதிரி அது ஒடைஞ்சா, அங்க இரத்தம் ஒறைஞ்சு வழி அடைச்சிக்கும். ஒனக்கு அதான் ஆச்சு. அருவித்தண்ணி அங்க போவாது. போதாக்கொறைக்கு, சில்லுனு தண்ணி பட்டா குழாய் இன்னும் சுருங்கும்."

மாத்திரைக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். நான் பீடியை அணைக்கும்வரை பார்த்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டையும் தன் கட்டையும் சேர்த்து உள்ளே அவள் மேசையில் வைத்தார். "நீங்க வுட்டாத்தான் நானு. போன்ல கேப்பேன்."

பெரியார் அருவியைச் சாலையில் நின்று பார்த்தேன், குளிக்கவில்லை. அழகுதான். இதய நோயாளிகள் போவதாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள், ஸ்வெட்டரும் வேண்டும்.

ஞாயிறுதோறும் அவர் போன் செய்கிறார். "இழுத்தீங்களா?" "இல்ல. நீங்க?" "இல்ல." அவ்வளவுதான் பேச்சு.

இப்போதும் போகிற இடமெல்லாம் நான் டாக்டரோட அப்பா என்று சொல்லத்தான் செய்கிறேன். சொல்வதற்கு முன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். காலியாக இருக்கிறது. சத்தமாகவே சொல்கிறேன்.