வயரைக் கழற்றிப் பார்த்த ஃபரீதா

பெரியகல்லாற்றில் பஸ்ஸுக்கு நின்றபோது அழைப்பு வந்தது. "ராத்தா மௌத்தாயிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்றார் ஃபரீதாவின் தம்பி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பெண்களுக்காக மட்டக்களப்பில் நாங்கள் நடத்தும் சிறு அலுவலகத்தில், பதினான்கு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவர் ஃபரீதா. அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய நல்ல குணங்களை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பிடிவாதத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் மின்னஞ்சல்களை இணையத்தில் திறந்துதான் வாசிப்போம். மழைக்காலத்தில் லைன் போனால் ஒரு கடிதத்தையும் பார்க்க முடியாது. கடிதங்களைக் கணினியிலேயே இறக்கி வைக்கும் தனி மென்பொருள் வேண்டும் என்று ஃபரீதா தேடத் தொடங்கினார். முதலாவது அழகாக இருந்தது. ஆனால் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. இரண்டாவதைத் திறந்தால் எங்கள் பழைய கணினி அசையாமல் நின்றுவிடும். மூன்றாவது எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஃபரீதா இணைய வயரைக் கழற்றிவிட்டுப் பழைய கடிதம் ஒன்றைத் தேடினார். வரவில்லை. அன்றே அதை அழித்துவிட்டார்.

"என்னகா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரித் தேடுறாய்?" என்றேன்.

"லைன் இருக்கக்குள்ள எல்லாம் நல்லாத்தான் வேல செய்யும் புள்ள. இல்லாத நேரம் கைகுடுக்குதா எண்டுதான் பாக்கணும்."

நான்காவதற்கு ஒரு அழகும் கிடையாது. வயரைக் கழற்றியும் அது கடிதத்தை எடுத்துக் கொடுத்தது. நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகினோம்.

இரண்டு வருடம் கழித்து, கிரானைச் சேர்ந்த செல்வியின் விடயம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் வேலை செய்த வீட்டார் அவளை அனுப்பவில்லை. அவள் ஊருக்குப் போகக் கேட்கவே இல்லை என்று சாதித்தார்கள். மறைத்து வைத்த கைபேசியிலிருந்து அவள் எங்களுக்கு எழுதியவற்றை மதியத்துக்குள் கொண்டுவரச் சொன்னார் முறைப்பாட்டை விசாரித்த அரசாங்க அதிகாரி. அன்று காலை எங்கள் மின்னஞ்சல் கணக்கு முடங்கிக் கிடந்தது. யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருந்தார்கள். நான் திரும்பத் திரும்பக் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"கணக்குத்தானே பூட்டியிருக்கு. கடிதம் நம்மட்ட இருக்கு," என்றார் ஃபரீதா. செல்வியின் பெயரைத் தட்டினார். பதினொரு கடிதங்கள், திகதியோடு. ஒவ்வொன்றிலும் 'என்னை ஊருக்கு எடுங்க' என்ற வரி இருந்தது. அச்சடித்துக்கொண்டு ஓட்டோவில் போனோம். அதிகாரி கடைசித் தாள் வரை வாசித்துவிட்டு, "இது காணும். வேறொன்றும் தேவையில்லை," என்றார். மூன்று வாரத்தில் செல்வி வீட்டில் இருந்தாள்.

பாராட்ட வந்தவர்களிடம் ஃபரீதா சொன்னது ஒன்றுதான்: "நான் என்ன செய்தன்? பயத்துக்குள்ள இருந்து எழுதினவள் அவள்."

அடக்கத்தன்று காத்தான்குடியில் ஃபரீதாவின் வீட்டுக்குச் செல்வியும் வந்திருந்தாள். "நான் எழுதினத ஒராள் பத்திரமா வெச்சிருந்தா அக்கா," என்று என் கையைப் பிடித்தாள். அவ்வளவு துக்கத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எங்களுக்கு எழுதிய எந்தப் பெண்ணிடமும், 'உங்கள் கடிதத்தைக் காணவில்லை' என்று இந்த அலுவலகம் இதுவரை சொன்னதில்லை. அது ஃபரீதா சம்பாதித்துத் தந்த பெயர். அதைக் கெடாமல் காப்பாற்றுவதை என் பங்காக எடுத்துக்கொள்கிறேன்.