பாலத்து மேட்டில் அம்மா

எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் யாரும் ஹேண்ட் பிரேக்கை நம்பியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரை பூமி தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடக்கும். வண்டியை நிறுத்தினோமா, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்தோமா, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கல்லுக்கு ஆயுதபூஜையன்று பொட்டுகூட உண்டு.

அந்த வருடம் அப்பாவுக்குத் திடீரென்று ஒரு பிடிவாதம் வந்தது. இனிமேல் அம்மாதான் கார் ஓட்ட வேண்டுமாம். சைக்கிளைக் கண்டாலே ஒதுங்குகிற அம்மா அழுதுகொண்டேதான் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் டெஸ்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். எங்கள் பிரேக் பிடிக்குமா? வண்டி பின்னால் நழுவியது. பதறிப்போன அம்மா தலையை வெளியே நீட்டி, “சார், பின்னாடி ஒரு கல்லு வெக்கறீங்களா?” என்று அந்த அதிகாரியையே கேட்டுவிட்டாள். கதை ஊருக்கு வந்து சேர்ந்ததும் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றாள் அம்மா.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “தப்பு உம்மேல இல்ல. பிரேக்கு மேல கீது,” என்றார்.

அவருக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார். உப்புக் காற்றில் துருவேறியிருந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டார். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டு, பிரேக் பிடிக்கு அடியில் இருந்த நட்டை முறுக்கினார். குனிந்து பார்க்கவே இல்லை. விரலாலேயே தேடி எடுத்தார்.

“பாத்து செய்ங்க,” என்றாள் அம்மா.

“இதுக்குப் போய் கண்ணு இன்னாத்துக்கு?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் பிரேக்கை இழுத்தால் தூக்கிய சக்கரம் சுற்றக் கூடாது, இறக்கினால் சுற்ற வேண்டும். அதைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை. முதலில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டார், இறக்கிய பிறகும் சக்கரம் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. சும்மா சுற்றும் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் சொருகியது. கார் அப்படியே மிதந்து, தோப்பைத் தாண்டி, கடல்மேல் போவதாகத் தோன்றியது.

சாயங்காலம் கால்வாய்ப் பாலத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் அது ஒன்றுதான். பாதி ஏற்றத்தில் அம்மா நிறுத்தி, பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டாள். ஆனால் கால் பிரேக்கை மிதித்த காலை எடுக்க மனசு வரவில்லை. அப்பா இறங்கிப்போய்க் காருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“கால எடு. நான் இங்கதான் நிக்கறேன்.”

“ஐயோ, நவுருங்க! உங்க மேல ஏறிடும்!”

“ஏறாது. வுடு.”

பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கண்ணாடி வழியே அவரைப் பார்த்தேன். கைகட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா கண்ணை இறுக மூடி, காலை எடுத்தாள்.

வண்டி நின்றது. கீழே தண்ணீர் வெளுத்துக் கிடந்தது, கொக்குகள் அசையாமல் நின்றன, கடற்காற்று காரை லேசாகத் தொட்டில் போல ஆட்டியது. அம்மா ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். பிரேக் பிடித்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அடுத்த டெஸ்டில் லைசென்ஸ் கிடைத்தது. அப்பா இடப்பக்க முன்சீட்டுக்கு மாறிவிட்டார். அவர் ஓட்டிய காலத்தில் அது என்னுடைய இடம். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவர் கண் நரம்பு வற்றிக்கொண்டே வருகிறது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அப்போது அப்பா, அம்மா இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கல்பாக்கம் போகும் வழியெல்லாம் கடல் அவர் பக்கம்தான் வரும்.

“கடலு இன்னிக்கு எப்பிடி கீதும்மா?” என்று பின்னால் திரும்பி என்னைக் கேட்பார்.

“ஜன்னலு உன்னாண்டதான கீது. நீயே பாத்துக்கோ,” என்பேன் வெடுக்கென்று.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கடற்காற்றுக்கு முகத்தைக் கொடுப்பார்.

“பாத்துட்டேன். ஜோரா கீது,” என்பார்.