ஏழாயிரம் கிலோமீட்டரும் அத்தானின் கணக்கும்

என் அக்காவின் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். அச்சடித்த கால அட்டவணையை அவர் மதித்ததே கிடையாது. தூரம், வேகம், நடுவில் டீக்கு நிறுத்துவது, இவ்வளவுதான் அவருக்குக் கணக்கு. சாலையில் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதனால் மனுஷர் பிடித்த பிடியை விடமாட்டார்.

ஒரே மகள் வெளிநாட்டு வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் கிளம்பிய அன்று வழியனுப்பக்கூட வரவில்லை. இரண்டு வருடமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது விடுமுறைக்கு வருகிறாள். "அப்பா கூப்பிட வந்தா வீட்டுக்கு வரேன். இல்லன்னா ஃப்ரெண்டு வீட்ல தங்கிக்கிறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் அனுப்பியிருந்த டிக்கெட்டைப் பார்த்தார்.

"காலைல எட்டுக்குக் கெளம்புது. ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறுன்னு போட்டா ஒன்பது மணி நேரம். சாயங்காலம் அஞ்சுக்கு வந்துரும்."

"பதினொன்னரைன்னு போட்டிருக்கேங்க" என்றாள் அக்கா. "அங்க மணி வேறயாம், நமக்கு முன்னாடி ஓடுமாம்."

"மணி எங்க போனாலும் மணிதான். மூணரை மணி நேரத்துல வர்றதுக்கு அது என்ன ராக்கெட்டா? அச்சடிச்சவன் தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பான்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நானும் டிரைவர்தானே. இரண்டு டிரைவர்கள் ஒரு பக்கம் நின்றதும் அக்கா அடங்கிவிட்டாள்.

நாலு மணிக்கே விமான நிலையத்தில் போய் நின்றோம். பலகையில் அவள் விமானத்தைக் காணோம். விசாரணை மேசையில் இருந்த பெண், "அது காலைலயே வந்துருச்சு சார்" என்றாள்.

"காலைலதாம்மா கெளம்புச்சு."

"ஆமா சார். காலைல கெளம்பி காலைலயே வந்துருச்சு."

அத்தான் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அப்ப அந்த ஒன்பது மணி நேரம் எங்கதான் ஓடுச்சு மச்சான்?"

எனக்குத் தலை சுற்றியது. இன்றைக்குக் கேட்டாலும் சுற்றும். ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தடவையும் அப்பா வரவில்லை என்று நினைத்து அவள் போயிருப்பாளே.

போகவில்லை. கடைசித் தூணுக்குப் பக்கத்து நாற்காலியில், பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பதினொன்னரைலேருந்தா இங்க இருக்க?" என்று கேட்டார் அத்தான்.

"ம்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணா, நான் கூப்பிட்டதால வந்தீங்கன்னு ஆயிடும்."

அத்தான் தன் விரல்களைப் பார்த்தார். "கணக்குல எங்கயோ..." என்று இழுத்தார்.

"எட்டும் ஒன்பதும் பதினேழு. அஞ்சு மணிக்கு ஃப்ளைட் வரும்னு நினைச்சிருப்பீங்க. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிப்பீங்க." அவள் எழுந்து பெட்டியை அவரிடம் நகர்த்தினாள். "நாலு மணிக்கு வரலன்னாதான் நான் போயிருப்பேன், அப்பா."