வில்லுக்கு எண்ணெய் போட்டவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம், அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைக்கு நிற்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன்.

நான் வயலின் டீச்சர். சனிக்கிழமைதோறும் அந்தப் பள்ளிக்குப் போய் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். வயலின்கள் பள்ளிக்கூடத்துடையவை. என்னிடம் யார் சேர்ந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடியை விரலால் தொடக் கூடாது. விரலில் இருக்கிற பிசுக்கு முடியில் ஏறினால், வில் தந்தியைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே எழும்பாது. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைக் குழாயடிக்கு விரட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் வில்லைக் கையில் கொடுப்பேன். "போலீஸ் மிஸ்" என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இருக்கட்டும்.

அந்த ஒன்பது பேரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். வயலினை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக அவளுக்கு மட்டும் சண்டை போட்டு அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் உடைந்துவிடும் என்றார்கள். உடைந்தால் நான் பொறுப்பு என்றேன்.

வீட்டில் பழகுவதை வாரம் ஒருமுறை பதிவு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவள் வாசிக்க, அப்பா போனைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஓர் இருமல் கேட்கும், பிறகு "ம், ஆரம்பி தாயி" என்ற குரல். பின்னால் ஆடு கத்தும். வாசிப்பு முடிந்ததும் போனை அணைக்காமலே, "டீச்சர், இது எப்ப டீச்சர் பாட்டாகும்?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். வெறும் ஸ்வரமாகவே வரும் சரளி வரிசையைக் கேட்டுக் கேட்டு மனுசர் நொந்துபோயிருந்தார்.

ஒருவழியாக மோகன ராகத்தில் ஒரு சின்னக் கீதத்துக்கு வந்து சேர்ந்தோம். நன்றாகவே வாசித்தாள். ஆனால் மேலே ஏறுகிற ஓர் இடத்தில் சுண்டுவிரல் எட்டாமல் ஒரு கணம் தடுக்கும். அந்த இடத்தை மட்டும் தனியாக, மெதுவாகப் பழகச் சொல்லி வாராவாரம் பதில் அனுப்பினேன். குறைந்ததே தவிரப் போகவில்லை.

விழாவுக்கு முந்தின வாரம் அவள் அப்பாவே எனக்குப் போன் செய்தார். "டீச்சர், அடுத்த வருசம் ஒம்பதாவது. படிப்புத்தான் முக்கியம்னு சொந்தக்காரவுக எல்லாம் சொல்றாக. நான் விழாவுக்கு வாரேன். மேடையில வாசிக்கிறதக் கேக்குறேன். நல்லா இருந்துச்சுன்னா படிக்கட்டும். இல்லன்னா இத்தோட நிப்பாட்டிருவோம், கோவிச்சுக்கிறாதீக." கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நேர்மையான பேச்சு. தயார் செய்துவிடுகிறேன் என்றேன்.

விழா அன்று மாலை பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி முதல்வர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ், நம்ம பிள்ளைக பாட்டு பென்டிரைவ்ல ரெடியா இருக்கு. அதப் போட்டுருவோம். இவுக சும்மா வில்ல ஆட்டுனாப் போதும்."

பாட்டின் பெயர் என்ன என்று பத்து நாளைக்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மைக்கில் அறிவிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இணையத்தில் யாரோ பெரிய வித்வான்கள் வாசித்ததை இறக்கி வைத்திருக்கிறார்கள்!

"பிள்ளைகள் ஒரு வருடமாகப் பழகியிருக்கிறார்கள் சார், அவர்களே வாசிப்பார்கள்" என்றேன்.

"விருந்தினர் வந்திருக்காக மிஸ். வீடியோ வேற எடுக்குறாங்க. எவளாவது ஒருத்தி பிசிறடிச்சா நம்ம பேரு என்னாகும்?"

முடியவே முடியாது என்று நான் சொன்னதை அங்கே நின்ற எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "சரி விடுங்க மிஸ்" என்று போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். வயலின்களும் வில்களும் மேடைக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருந்தன. நான் மறுபடி பூ வைக்கப் போனேன்; அவற்றை மேடையில் கொண்டுபோய் வைத்தது பள்ளிக்கூடத்து ஆட்கள்தான்.

திரை விலகியது. பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வில்லைத் தந்தியில் வைத்தார்கள். இழுத்தார்கள். சத்தமே இல்லை. அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் கீதம் பாய்ந்து வந்தது. வயலின் மட்டுமா? மேடையில் மருந்துக்கும் ஒரு மிருதங்கம் இல்லை. பாட்டில் மிருதங்கம் வெளுத்து வாங்கியது. புல்லாங்குழல் வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். பக்கவாட்டில் நின்ற என்னைப் பார்த்தார்கள். பிறகு பயந்துபோய் வில்லை ஆட்டத் தொடங்கினார்கள். அந்தப் பெண் மட்டும் ஆட்டவில்லை. முன் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு தடவை பார்த்தாள். வில்லைக் கீழே வைத்தாள். வயலினை மடியில் கிடத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பாட்டு மட்டும் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் முதலில் ஒரு சலசலப்பு, பிறகு விசில், பிறகு சிரிப்பு.

திரை மூடியதும் ஓடிப்போய் ஒரு வில்லை எடுத்தேன். முடி பளபளவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்! எல்லா வில்லுக்கும், அடி முதல் நுனி வரை, ஊறப் பூசியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வில்லை முதல்வர் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு விரல் படக் கூடாது என்று ஒரு வருடம் பிள்ளைகளை விரட்டியவள் நான்!

"பிள்ளைக வாசிக்கிற சத்தம் மைக்குல ஏறிரக் கூடாதுன்னுதான் மிஸ். தொடச்சாப் போயிரும்" என்றார் முதல்வர். போகாது. முடியையே மாற்ற வேண்டும். அது தெரியாத மனிதர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"நீ எதுக்குக் கையக் கீழ போட்ட? ஆட்டிக்கிட்டே இருந்தா என்ன?"

அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "எங்கப்பா பாத்துக்கிட்டு இருந்தாக சார்."

அதற்குள் அவள் அப்பா மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கோபம் முழுக்க என்மேல். அவருக்கு வேறு யாரைத் தெரியும்?

"ஏன் டீச்சர், ஊரக் கூட்டி வச்சு எம்மகளக் கோமாளியாக்கிட்டீகளே! ரேடியோவப் போடுறதுக்கு எதுக்கு ஒரு வருசம் படிப்பு? இத்தன நாளு நான் போனப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது எதுக்கு? வா தாயி, போதும். போவோம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வார்த்தைகள் எனக்கு உரியவை அல்ல. ஆனால் அந்தக் கோபம் நியாயமானது. என் கோபமும் அதுவே. விளக்கம் சொன்னால் இந்த மனிதர் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. என் சொந்த வயலின் பெட்டியோடு என்னிடமே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டில்தான் பிடிக்க முடிந்தது.

"உங்கள் மகள் வாசிக்கிறதைக் கேட்டுவிட்டுப் போங்கள். பிறகு நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள்" என்று வயலினை அவளிடம் நீட்டினேன். அவள் தாவணியில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த நிலையிலும் துடைத்தாள்.

சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தாள். மேடையில் அடுத்த டான்ஸுக்குப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவர் முதலில் நின்றுகொண்டேயிருந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது, பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். மேலே ஏறுகிற அந்த இடம் வந்தது. வழக்கம்போலச் சுண்டுவிரல் தடுக்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஆமா, இதான்! இந்த எடத்துலதான் வீட்லயும் இடிக்கும். இது எம்மக வாசிக்கிறது."

கீதம் முடிந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "உங்க வீடு எங்கிட்டு இருக்கு டீச்சர்? சனிக்கிழம அங்க கொண்டாந்து விடுறேன். இங்க வேணாம்."

நானும் அன்றோடு அந்தப் பள்ளியை விட்டு விலகினேன். விலகும்போது எண்ணெய் சொட்டும் ஒரு வில்லைக் கொண்டுபோய் முதல்வர் மேஜையில், அவர் வெள்ளைக் காகிதங்களுக்கு மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அது சின்னப்பிள்ளைத்தனம் என்று வீட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம். மனதுக்கு நன்றாக இருந்தது.

அந்த விழாப் படத்தைப் போட்டு, "வயலின் பயிற்சி உண்டு" என்று பள்ளிக்கூடம் ஒரு பேனர் வைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். எட்டுப் பிள்ளைகள் ஊமை வயலினை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கையை மடியில் வைத்திருந்தவளை வெட்டிவிட்டார்கள்.

வெட்டப்பட்டவள் இன்றைக்கும் சனிக்கிழமை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறாள். விரல் நீண்டுவிட்டது, அந்த இடத்தில் இப்போது தடுக்குவதில்லை. ஆனால் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது தடுக்கும்போது நான் முன்போல உடனே குறுக்கிடுவதில்லை. அந்தத் தடுமாற்றத்தை வைத்தே தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ள எங்கோ ஒரு தகப்பன் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எண்ணெய் பூசியவர்கள்மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.